பதினெட்டு வளைவும் ஒரு சின்னப் பெட்டியும்



கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகக் கிழக்குக்குப் போகும் பாதையில் நீங்கள் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பொலன்னறுவைப் பக்கமாகச் சுற்றிப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பாதை நேரானது, பிள்ளைகள் வாந்தி எடுக்கமாட்டார்கள். ஆனால் என் கணவருக்கு மலைப்பாதைதான் பிடிக்கும். கல்யாணம் முடிந்து அவருடைய உத்தியோகத்துக்காகக் கண்டியில் குடியேறிய நாளிலிருந்து, என் பிறந்த ஊரான ஏறாவூருக்கு நாங்கள் இந்த வழியால்தான் போய் வருகிறோம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், வழியில் தேத்தண்ணி குடிக்க நின்றாலும், பகல் சாப்பாட்டுக்கு உம்மா வீட்டில் இருக்கலாம்.

திகன, தெல்தெனிய தாண்டினால் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். 1985 இல் அந்த அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் இன்று அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. கடும் வரட்சி வந்து நீர் வற்றினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். பிறகு ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர என்று பாதை ஏறும். இடது பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். காலை நேரத்தில் மலை எது, மேகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதன் பிறகுதான் பெயர்போன பதினெட்டு வளைவு. வீதியை அகலமாக்கியபோது ஒரு வளைவு குறைந்துபோய் இப்போது பதினேழுதான் என்று சொல்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. வளைவுகளில் எனக்குக் கண்ணை மூடி ஓதுகிற வேலை இருக்கிறது. கடைசி வளைவில் கண்ணைத் திறந்தால் கீழே மகியங்கனைச் சமவெளி விரிந்து கிடக்கும். வயல், தென்னை, நடுவில் மகாவலி.

இந்த அழகையெல்லாம் சொல்லி உங்களை ஆசைப்படுத்துவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இந்தப் பாதைக்கு இன்னொரு குணம் இருக்கிறது. மலை மடிப்புகளுக்குள் இறங்கியதும் கையிலிருக்கும் தொலைபேசி ஊமையாகிவிடும். மகியங்கனையில் மறுபடி உயிர் வரும். பதியத்தலாவ தாண்டி மகா ஓயாக் காட்டுக்குள் நுழைந்ததும் திரும்பவும் போய்விடும். பெரியபுல்லுமலை, கரடியனாறு என்று இறங்கிச் செங்கலடிச் சந்தியை நெருங்கும்போதுதான் “டிங் டிங்” என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பல வருடங்களாக நான் அதை ஒரு நிம்மதியாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பயணம் எந்தக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைக்கிறது?

2014 டிசம்பரில் அந்த நிம்மதி போயிற்று. அந்த மாதம் கிழக்கில் பெய்த மழையையும் வெள்ளத்தையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வாப்பாவுக்குக் கடுமை என்று இரவு செய்தி வந்தது. விடியலில் புறப்பட்டோம். மகியங்கனையில் சிக்னல் வந்ததும் உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். “ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சார் மகள், பயப்படாம வாங்க” என்றார். மனம் லேசாகிவிட்டது. மகா ஓயாவில் தேத்தண்ணி கூடக் குடித்தோம். அந்தத் தேத்தண்ணியை நினைத்து இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்வதுண்டு.

மகா ஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் ஒரு மதகு. அதன் மேலால் மழைத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு லொறி, இரண்டு வேன், ஒரு பஸ். லொறிச் சாரதி தடியை ஊன்றி ஆழம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். காலை பத்தரைக்கு நின்றவர்கள் பகல் ஒன்றே முக்காலுக்குத்தான் கடந்தோம். அத்தனை நேரமும் ஒருவருடைய போனிலும் ஒரு கோடு இல்லை. பஸ்ஸில் வந்த பிள்ளையொன்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதகின் கட்டில் ஏறி நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செங்கலடிக்குக் கிட்டப் போனதும் போன் உயிர்த்தது. மாமாவின் எஸ்.எம்.எஸ்கள் வரிசையாக வந்தன. வாப்பா வபாத். அடுத்தது: லுஹருக்கு எடுக்கவா, அஸர் மட்டும் வைக்கவா, உடனே பதில் அனுப்புங்க. அடுத்தது: எங்க நிக்கிறீங்க. கடைசியாக வந்தது: மழை கூடுது, லுஹருக்கு எடுத்துட்டம்.

நாங்கள் வாசலில் இறங்கும்போது மூன்று மணி. அஸருக்குப் பாங்கு சொல்லவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது சகோதரிகளே. மையவாடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம், அன்றைக்கு வந்து சேருவோமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக எவ்வளவு நேரம் ஜனாஸாவை வைத்திருப்பது? “அஸர் மட்டும் வையுங்க” என்று மூன்று சொல் போயிருந்தால் வைத்திருப்பார்கள். வாப்பாவின் முகத்தை நான் பார்த்திருப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான்கு வருடம் கழித்து 2018 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து வந்த என் தம்பி ஒரு பெட்டியை மேசையில் வைத்து, “ராத்தா, இத மச்சான்ட காருக்குப் பூட்டினா இனி அந்தப் பாதையிலயும் போன் வேலை செய்யும்” என்றபோது என் கை நடுங்கியது உங்களுக்கு விளங்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு பூஸ்டர் என்று பெயர். உங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டுப் பொதிகளுடன் அது ஒருநாள் வந்து சேரலாம் என்பதால் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன். அதில் மூன்று பகுதி. ஒரு சாண் அளவுக்கு, அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்று. அதைக் காரின் கூரையில் ஒட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர், கதவு ரப்பருக்கு இடையால் உள்ளே வந்து, ஆசனத்துக்கு அடியில் வைக்கும் ஒரு பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு சிகரட் லைட்டர் குழியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் உள்ளே வைக்கும் சின்ன ஆன்டெனாவுக்கு. கோபுரத்திலிருந்து வரும் நலிந்த அலையைக் கூரை ஆன்டெனா பிடிக்கும், பெட்டி அதைப் பெருக்கும், உள் ஆன்டெனா உங்கள் போனுக்குக் கொடுக்கும். நீங்கள் பேசுவதும் அதே வழியால் பெருகி வெளியே போகும். அவ்வளவுதான்.

கூரையில் ஏன் ஒட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். காரும் ஒரு தகர டின்தான். வீட்டில் போனை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி கோல் எடுத்துப் பாருங்கள். கோபுரம் பக்கத்தில் இருந்தால் அடிக்கும், தூரத்தில் என்றால் பெரும்பாலும் அடிக்காது. காருக்குள் அலை கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. வெயிலுக்காக உலோகப் பூச்சுள்ள தாளைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதுவும் குறைகிறது. போதாததற்கு நம்முடைய கையும் தலையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கையடக்கத் தொலைபேசி வந்த புதிதில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1989 இல் இலங்கையில் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது கொழும்புப் பணக்காரர்களின் கார்களில் ஆன்டெனா வெளியேதான் நின்றது. பிறகு வந்த சில போன்களின் முதுகில்கூட ரப்பர் மூடியோடு ஒரு சின்னத் துளை இருக்கும். கார் ஆன்டெனாவின் வயரைச் செருகுவதற்காக. கோபுரங்கள் நெருங்கி வந்ததும் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். மலைநாட்டைக் கேட்டுவிட்டு எடுத்ததாகத் தெரியவில்லை.

எந்த நாட்டில் வாங்கினது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் அந்த நாட்டின் 700, 850, 1900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளைப் பெருக்குவதற்குச் செய்தவை. நமது நாட்டில் தொலைபேசிகள் அதிகம் ஓடுவது 900 இலும் 1800 இலும். அங்கிருந்து கொண்டுவந்தால் விளக்கு எரியும், வேலை நடக்காது. ஐரோப்பாவின் அலைவரிசைகள் நம்முடையவற்றோடு பொருந்தும். ஒரு காலத்தில் நடைபாதைகளில் பொன்னிறத் தாளில் “ஆன்டெனா பூஸ்டர்” என்று ஸ்டிக்கர் விற்றார்களே, பட்டரிக்கு அடியில் ஒட்டச் சொல்லி? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வெறும் தாள்.

தம்பி கூரையின் நட்டநடுவில்தான் ஆன்டெனாவை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். காரணம் சொன்னபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பள்ளிவாசலில் பயான் நடக்கும்போது ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேரே கொண்டுபோனால் “கீஈஈ” என்று காதைக் கிழிக்குமே, அதுதான். ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி ஒலிவாங்கிக்குள் போய், பெருகி, திரும்பவும் போய்ச் சுற்றுகிறது. இந்தப் பெட்டியும் அப்படித்தான். உள் ஆன்டெனா கொடுப்பதை வெளி ஆன்டெனா பிடித்துவிட்டால் அலறத் தொடங்கும். நம் காதுக்குக் கேட்காது, கோபுரத்துக்குக் கேட்கும். காரின் தகரக் கூரைதான் இரண்டுக்கும் இடையில் சுவர். கண்ணாடிக் கூரை உள்ள காருக்கும், ரெக்சின் கூரை உள்ள முச்சக்கர வண்டிக்கும் இது சரிவராது. போனுக்கு எதிரியாக இருந்த அதே தகரம் இங்கே காவலாக நிற்கிறது.

அந்த விடுமுறையில் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். கணவரும் தம்பியும் முன்னால். நானும் மகளும் தம்பியின் மனைவியும் பின்னால். மகனுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய விபரத்தில் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால் சிக்னலின் வலு இலக்கமாகத் தெரியும். எல்லாம் சைபருக்குக் கீழே உள்ள இலக்கம், குளிர்நாட்டு வெப்பநிலை மாதிரி. மைனஸ் 70 என்றால் நல்ல சுகம். மைனஸ் 100 என்றால் நலிவு. 115 ஐத் தாண்டினால் ஏறத்தாழ முடிந்தது. பத்து இறங்கினால் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்று கணக்கு. போனின் கோடுகளை நம்பக் கூடாது. ஒவ்வொரு கம்பனியும் தன் மனம் போலக் கோடு போடுகிறது. மகன் சோதனைப் புள்ளி வாசிக்கிற மாதிரி இலக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான்.

திகனயைக் கடக்கும்போது மட்டும் வாசிப்பு நின்றது. அந்த வருடம் மார்ச்சில் எரிந்த கடைகள் சில அப்படியே நின்றன. அந்தக் கிழமையில் கோபுரங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை; ஆனால் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் தடை செய்யப்பட்டிருந்தன. ஏறாவூரிலிருந்து உம்மா சாதாரணக் கோல் எடுத்து எடுத்து எங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசாமல் கார் போயிற்று.

ஹுன்னஸ்கிரிய தாண்டியதும் தம்பி பெட்டியை நிறுத்தினான். “மைனஸ் 113” என்றான் மகன். போட்டான். “101!” உண்மையிலேயே கோல் போயிற்று. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பின் ஆசனத்தில் என் போனில் ஒன்றும் மாறவில்லை. மகளுடையதிலும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, உள் ஆன்டெனாவிலிருந்து ஓரிரு அடிக்குள் போன் இருந்தால்தான் பலன். அது இருந்தது முன்னால், கியருக்குப் பக்கத்தில். கவனித்தீர்களா சகோதரிகளே? பெட்டி செய்கிறவர்கள் கோல் எடுப்பவர் முன்னால்தான் இருப்பார் என்று எண்ணிவிட்டார்கள். ஊரில் ஒன்று நடந்தால் முதல் கோல் வருவது பின்னால் கைப்பைக்குள் கிடக்கும் போனுக்கு என்று யார் அவர்களுக்குச் சொல்வது? வயரை இழுத்து இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் வைக்கச் செய்தேன். அதற்குப் பிறகு எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

பதினெட்டு வளைவில் ஒரு புதினம் பார்த்தோம். சமவெளியைப் பார்த்த வளைவுகளில் பெட்டி இல்லாமலே சிக்னல் நன்றாக இருந்தது. தூரத்துக் கோபுரமென்றாலும் இடையில் மறைப்பில்லை. அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்ததும் பெட்டி போட்டும் ஒன்றுமில்லை, போடாமலும் ஒன்றுமில்லை. இந்த அலைகள் பெரும்பாலும் விளக்கு வெளிச்சம் மாதிரி நேராகப் போகிறவை. மலைக்குப் பின்னால் நிழல்தான். நிழலில் அலை கொஞ்சமாவது இருந்தால் பெட்டி பெருக்கும். இல்லாததை எதால் பெருக்கினாலும் இல்லைதான். வெறும் சட்டியில் அகப்பையைச் சுழற்றினால் கறி வருமா?

மகியங்கனை டவுனில் ஒரு கோபுரத்துக்குக் கிட்டப் போனபோது பெட்டியின் விளக்கு சிவப்பாக மாறி, தானாகவே அடங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கும் கோபுரத்தைப் பெருக்கினால் பாதிப்பு என்று அதற்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை என்று தம்பி சொன்னான். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தம்பான பக்கம் வீதியோரத்தில் தேன் விற்றார்கள். பிள்ளைகள் கேட்டதால் ஒரு போத்தல் வாங்கினோம். மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. எனக்கு மதகுக்குப் போக வேண்டும்.

மகா ஓயாவை விட்டதும் போட்டும் நிறுத்தியும் பார்த்துக்கொண்டே போனோம். பெட்டி இல்லாமல் சிக்னல் அறுந்த இடத்துக்குப் பிறகும் பெட்டியோடு சில கிலோமீற்றர் தூரம் தொங்கிக்கொண்டு வந்தது. பிறகு அதுவும் அறுந்தது. மதகடியில் காரை நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு வெள்ளமில்லை. சேற்று நிறத்தில் தண்ணீர் அடியால் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி ஆன்டெனாவைக் கூரையில் இங்கும் அங்கும் நகர்த்தினான். மகன் போனை அதற்கருகில் வைத்தான். ஒன்றுமில்லை. நான் இறங்கி மதகின் கட்டில் ஏறி நின்று என் போனைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மறுபக்கம் இறங்கும்போது, வழமையாக உயிர் வரும் இடத்துக்கு நல்ல தூரம் முன்னாலேயே பெட்டி ஒரு கோட்டைப் பிடித்துத் தந்தது.

இருட்டுப் பாதையின் இரண்டு முனையிலும் பெட்டி கொஞ்சம் கொஞ்சம் குறைத்தது. நடுவை அதால் தொட முடியவில்லை. மதகு இருப்பது நடுவில். 2014 இல் இந்தப் பெட்டி எங்கள் காரில் இருந்திருந்தாலும் அந்த மூன்று சொல் ஏறாவூருக்குப் போயிருக்காது. நான்கு வருடமாக “ஏதாவது ஒரு கருவி இருந்திருந்தால்” என்று நெஞ்சுக்குள் கிடந்த ஒன்று அந்த இடத்தில் இறங்கிப்போயிற்று. அழுதேன்தான். ஆனால் வேறு மாதிரி அழுகை அது.

ஏறாவூரில் இன்னொரு விஷயம் காத்திருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறவர். கார் கூரையைப் பார்த்ததும், “இதென்ன மச்சான், லைசன்ஸ் எடுத்தா பூட்டின?” என்று கேட்டார். கணவர் வாகன அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டினார், பாவம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், வானலை வெளிவிடும் இப்படியான கருவியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் பாவிக்க முடியாது என்று அவர் விளக்கினார். இங்கிலாந்தில் கூட காருக்கான குறைந்த வலுப் பெட்டிகளுக்கு 2018 இல்தான் விலக்களித்திருந்தார்கள். அமெரிக்காவில் 2013 இல் விதி வகுத்து, அங்கீகரித்த பெட்டியை மட்டும், அதையும் தொலைபேசி நிறுவனத்தில் பதிவு செய்துதான் பாவிக்க விட்டார்கள். எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. தம்பி அங்கே சரியென்றால் இங்கேயும் சரி என்று எண்ணிவிட்டான்.

“சட்டத்தை விடுங்க, விஷயத்தக் கேளுங்க” என்று அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. நம் கையிலுள்ள போன் மிகக் குறைந்த வலுவில்தான் கோபுரத்தோடு பேசுகிறது. கோபுரம் நூற்றுக்கணக்கான போன்களின் முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு பெட்டி இரைந்தால் தூரத்தில் இருப்பவரின் முணுமுணுப்புத்தான் முதலில் மூழ்கும். நாங்கள் ஒரு கோடு கூட்டிக்கொள்ள, வயல்வாடியில் நின்று வைத்தியசாலைக்கு எடுக்கும் ஒருவரின் கோல் அறுந்துபோகலாம். எங்கள் பெட்டியில் அதைத் தடுக்கும் ஏற்பாடு இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருக்காது. திரும்பும்போது ஆன்டெனா காரின் டிக்கியில் கிடந்தது. தம்பி போகும்போது பெட்டியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டான். கொஞ்சம் முகம் வாடியிருந்தது. அவன் கொண்டுவந்த மனதைப் பார்க்க வேண்டும் அல்லவா!

அன்றிரவு உம்மா வீட்டு விறாந்தையில் அந்தக் கோபுரக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இன்றும் பாவிக்கிறோம். கணவரின் போனும் என்னுடையதும் வேறு வேறு நிறுவனத்தின் சிம். ஒன்று ஊமையாகும் இடத்தில் மற்றது பேசுவதுண்டு. “அவசர அழைப்பு மட்டும்” என்று போன் காட்டினால், நம்முடைய கோபுரம் இல்லை, ஆனால் வேறு ஒருவருடைய கோபுரம் கிட்ட இருக்கிறது என்று பொருள். மற்ற சிம்மை எடுக்க வேண்டிய இடம் அது. குரல் போகாத நலிந்த சிக்னலில் எஸ்.எம்.எஸ் போய்விடும், அதற்கு ஒரு கணம் கிடைத்தால் போதும். காருக்குள் இருந்து கத்துவதைவிட இறங்கி, மேட்டில், வெளி தெரியும் பக்கம் நிற்பது மேல். பாதைப் படத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாமலும் வழி காட்டும். இடத்தை அறிவது செய்மதியிலிருந்து வருவதால் அதற்குக் கோபுரம் தேவையில்லை.

எங்கள் அவசரம் வருடத்தில் இரண்டு பயணம். அங்கேயே வாழ்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். 2021 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் பாடத்தைப் போனில் எடுக்கக் காட்டுக்குள் நடந்து பாறை மேல் ஏறினார்கள். ஆசிரியையும் அவர்களோடு நடந்தார். லுணுகலையில் பெரியவர்கள் பிள்ளைகளை மலையுச்சி மரவீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் போயின. 2020 இல் தொடங்கிய “கமட்ட சன்னிவேதனய” திட்டத்தில் கிராமங்களுக்குப் புதிய கோபுரங்கள் போடப்பட்டன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் நாட்டுக்கு வந்தது. காருக்கும் ஒன்று போடலாம் என்று மகன் கணக்குப் பார்க்கிறான். அவன் உழைத்துப் போடட்டும்.

எங்கள் பாதையிலும் இருட்டு முன்னைவிடச் சுருங்கியிருக்கிறது. கடைசியாகப் போனபோது மதகடியில் என் போனில் ஒரு கோடு வந்தது. கணவருடையதில் வரவில்லை. காரை நிறுத்துவதற்குள் என்னுடையதிலும் போய்விட்டது.

அதனால் பழைய ஏற்பாட்டை நாங்கள் விடவில்லை. பதியத்தலாவச் சந்தியில் கட்டாயம் நிற்போம். கணவர் டயரைப் பார்ப்பார். நான் எஸ்.எம்.எஸ் எழுதுவேன். இந்த இடத்தில் இத்தனை மணி, செங்கலடியில் இத்தனை மணிக்குப் பேசுவோம், அதற்கிடையில் எது நடந்தாலும் அஸர் மட்டும் பாருங்கள், அஸரிலும் நாங்கள் வராவிட்டால் எங்களைக் கேட்காமல் செய்யுங்கள், எங்களுக்குச் சம்மதம். இந்தக் கடைசி வரியை முதல் தடவை எழுதியபோது விரல் ஓடவில்லை. வாழ்கிறவர்களுக்கு இப்படியும் எழுதுவதா என்று மகள் கோபித்துக்கொண்டாள். இப்போது அவளும் தன் மாமியார் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அப்படித்தான் அனுப்புகிறாள்.

உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேரப்பிள்ளை வாசித்துச் சொல்லும். அஸர் கதையெல்லாம் அவர் காதில் விழுவதில்லை. செங்கலடி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு அரை மணித்தியாலம் முந்தி உலையை வைப்பார்.